செவ்வொளி எந்தக் கண்ணுக்கு?

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், ருஷிகுல்யா ஆறு வங்கக் கடலைச் சேரும் இடத்திற்கு அருகே, ஒரு பிப்ரவரி இரவில் ஓர் ஆமை கரையேற வந்து, பாதியில் திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. அது திரும்பியதற்குக் காரணம் ஒரு கைவிளக்கு. ஆமைகளுக்குத் தொந்தரவு நேரக் கூடாது என்பதற்காகவே தேடி வாங்கப்பட்ட கைவிளக்கு அது.

வாங்கியவள் ஸ்ரீகாகுளத்துப் பெண். கடலாமைகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை அப்போதுதான் தொடங்கியிருந்தாள். களத்திற்குக் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் ‘சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச்’ என்று ஒற்றை வரி இருந்தது. எந்தச் சிவப்பு, எவ்வளவு வெளிச்சம், எப்படிப்பட்ட பொத்தான் என்ற விவரம் எதுவும் இல்லை. இணையக் கடையில் தேடி, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்றைத் தேர்ந்தாள். முந்நூறு லூமன் வெள்ளை ஒளி. கூடவே சிவப்பு ஒளியும் உண்டு என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது. பட்டியலில் ஒரு வரி நிறைவேறியது என்று கோடிட்டுவிட்டாள்.

அந்தக் கரையில் நிகழ்வது எளிய காரியமன்று. தமிழ்நாட்டு மீனவர் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆலிவ் ரிட்லி ஆமைகள், ஆண்டின் தொடக்க மாதங்களில் இங்கே ஒரே வாரத்தில் இலட்சக்கணக்கில் கரையேறி முட்டையிடும். இத்திரள் வருகைக்கு ஸ்பானிய மொழியிலிருந்து வந்த ‘அரிபாடா’ என்ற பெயரே உலகெங்கும் வழங்குகிறது. ஒடிசாவின் கஹிர்மாதா கரை 1974-இலும், ருஷிகுல்யா கரை 1994-இலும் ஆய்வுலகின் கவனத்திற்கு வந்தன. எல்லா ஆண்டும் இந்த வருகை உறுதியன்று. 2023-இல் ருஷிகுல்யாவில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆமைகள் முட்டையிட்டன. 2024-இல் திரள் வருகை நிகழவே இல்லை. ஆகவே கரையை ஒட்டிய புருனாபந்தா, கோகர்குடா, பொடம்பேட்டா போன்ற சிற்றூர்களின் மக்கள் ஒவ்வோர் ஆண்டும் தென்காற்று வலுக்கும் நாளை எண்ணிக் காத்திருக்கிறார்கள்.

அன்றிரவு அவளுக்குத் துணையாக வந்தவர் அறுபதைக் கடந்த மீனவர். அக்கரையின் மீனவக் குடும்பங்கள் பலவற்றைப் போல அவர் வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு. அவள் அவரைத் ‘தாத்தா’ என்றாள். அவர் அவளைத் ‘தல்லி’ என்றார். தாய் என்று பொருள்படும் அச்சொல்லால் மகள்களையும் பேத்திகளையும் அழைப்பது அவர்கள் வழக்கம்.

இருவரும் விளக்கில்லாமலே நடந்தார்கள். நிலவு இல்லை. முதலில் கால் வைக்கும் இடமே தெரியாதிருந்தது; சிறிது நேரத்தில் நுரையின் வெண்கோடு தெரிந்தது; பிறகு ஈரமணலும் உலர்மணலும் வேறுவேறு சாம்பல் நிறங்களாகப் பிரிந்தன. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சென்றபின் பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். அலை பின்வாங்கிய இடத்தில் ஒரு கருங்கல் கிடந்தது. அந்தக் கல் மூச்சுவிட்டது.

நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்ற பதற்றத்தில் அவள் நெற்றி விளக்கின் பொத்தானை அழுத்தினாள். அந்த விளக்கில் பொத்தான் ஒன்றுதான். முதல் அழுத்தத்திற்கு முழு வெள்ளை, இரண்டாவதற்குக் குறைந்த வெள்ளை, மூன்றாவதற்கே சிவப்பு. மூன்று முறை அழுத்த இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. ஆமை தலையைத் தூக்கியது, அசையாமல் நின்றது, பிறகு கனத்த உடலைத் திருப்பிக்கொண்டு, வந்த அலையோடு மறைந்தது. மணலில் அரைவட்டமாக ஒரு தடம் மட்டும் மிஞ்சியது.

பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. கண்களைக் கசக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

“உட்கார் தல்லி. ஆமையும் போயிற்று, என் கண்ணும் போயிற்று. அது திரும்பி வரும்வரை நடக்க முடியாது” என்றார்.

‘அது’ என்று அவர் சொன்னது ஆமையையா, கண்ணையா என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டுக்கும் பொருந்தும் சொல்தான் அது. அஞ்சித் திரும்பும் ஆமை பின்னொரு நேரத்தில், சற்றுத் தள்ளி, மறுபடியும் கரையேற முயலும். வெளிச்சத்தில் கூசிய மனிதக் கண் இருளுக்கு முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள், சில வேளை அதற்கும் மேல் ஆகும். ஒரே ஒளி இரு வேறு கண்களைக் கெடுத்திருந்தது. செவ்வொளி விளக்கைத் தேர்வதில் நேரும் குழப்பம் முழுவதும் இவ்விரு கண்களையும் ஒன்றாக எண்ணிவிடுவதிலிருந்தே தொடங்குகிறது.

மனிதக் கண்ணின் விழித்திரையில் குச்சி செல்கள், கூம்பு செல்கள் என்று இருவகை உண்டு. பகலில் நிறம் காட்டுபவை கூம்புகள். மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சிகள். குச்சிகளில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி, ஏறத்தாழ 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியில் மிகுதியாகத் தூண்டப்படுகிறது. 640 நானோமீட்டரைத் தாண்டிய சிவப்பை அது ஏறக்குறைய உணர்வதில்லை. அந்தி சாயும்போது செம்மலர் கறுத்து, அதன் இலை வெளிறித் தோன்றுவதைப் போஹீமிய உடலியலாளர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதினார். மங்கிய செவ்வொளியில் கூம்புகள் எழுத்தைப் படித்துத் தரும். குச்சிகளோ இருள் தொடர்வதாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

வானியலாளர் சிவப்பு விளக்கை நாடுவது இதனால்தான். லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியல் ஆய்வகம் இருக்கிறது. அதைச் சூழ்ந்த பகுதி 2022-இல் நாட்டின் முதல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே காக்கப்பட வேண்டியது மனிதனின் கண். விளக்கின் ஒளியைக் கண்டு விண்மீன் எதுவும் திரும்பிப் போவதில்லை.

ஆமையின் கண் வேறு. கடலுக்குள் சிவப்பு ஒளி சில மீட்டர் ஆழத்திலேயே பெரிதும் வடிந்துவிடுகிறது. நீலமும் பச்சையுமே ஆழம் செல்கின்றன. அந்நீரில் வாழும் ஆமையின் கண்ணும் அதற்கேற்ப அமைந்திருக்கிறது. 1971-இல் வெளியான ஓர் ஆய்வு பச்சைக் கடலாமையின் விழிநிறமிகளையும் நன்னீர் ஆமை ஒன்றின் விழிநிறமிகளையும் ஒப்பிட்டது. கடலாமையின் நிறமிகளில் மிக நீண்ட அலைநீளத்தை நாடுவது ஏறத்தாழ 562 நானோமீட்டரில் நின்றுவிட்டது. நன்னீர் ஆமையில் அது 620 வரை சென்றது. குளத்து ஆமைக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். ‘ஆமைக்குச் சிவப்பு தெரியாது’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடலாமைக்கும் சிவப்பு குறைவாகத் தெரியுமே தவிர, அறவே தெரியாது என்று சொல்வதற்கில்லை. போதிய வலுவோடு அடித்தால் எந்தச் சிவப்பும் வெளிச்சம்தான். இந்த உண்மையை அவள் இரண்டாவது விளக்கை வாங்கிய பிறகே உணர்ந்தாள்.

மறுநாள் பகலில் பெரியவரின் டார்ச்சைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். இரண்டு செல் போடும் பழைய டார்ச். அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை மடித்து வைத்து, மிதிவண்டி ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்கியிருந்தார். பார்வைக்கு நல்ல சிவப்பு. அவள் வீட்டின் இருண்ட மூலையில் ஒரு பழைய குறுந்தகட்டைச் சாய்த்துப் பிடித்து, அதில் அவ்வொளியைப் பிரதிபலிக்கச் செய்தாள். குறுந்தகட்டின் நுண்வரிகள் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும். சிவப்புப் பட்டையை ஒட்டி ஆரஞ்சும், மெலிதாகப் பச்சையும் தெரிந்தன. தாள் வெள்ளொளியின் எஞ்சிய பகுதியை முழுதாகத் தடுக்கவில்லை.

“அப்படியானால் இத்தனை வருடம் நான் தப்பாகவா காட்டிக்கொண்டிருந்தேன்?” என்றார் பெரியவர். குரலில் வருத்தம் இருந்தது.

“இல்லை தாத்தா. உங்கள் விளக்கு மங்கல். அதனால்தான் ஆமை பொறுத்துக்கொண்டது” என்றாள் அவள்.

உண்மையும் அதுதான். தேய்ந்த செல், மடித்த தாள், விரலால் பாதி மூடிய முகப்பு ஆகியவற்றைக் கடந்து மணலை எட்டிய ஒளி மிகக் குறைவு. அவருடைய சிவப்பில் குறை இருந்தது, அளவில் இல்லை.

இரண்டாவது விளக்கைத் தேடும்போது அவள் வேறு கேள்விகளைக் கேட்டாள். முதல் கேள்வி பொத்தானைப் பற்றியது. சிவப்புக்குத் தனிப் பொத்தான் உண்டா, அல்லது அழுத்தியதும் சிவப்பே முதலில் வருமா? வெள்ளையைக் கடந்துதான் சிவப்பை அடைய முடியும் என்றால், மற்ற சிறப்புகள் எத்தனை இருந்தாலும் அந்த விளக்கு இரவுக் கடற்கரைக்கு உதவாது.

அடுத்தது சிவப்பின் பிறப்பிடம். வெள்ளை விளக்கின்மேல் போர்த்திய சிவப்பைவிட, சிவப்பையே உமிழும் எல்.இ.டி. தூயது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 620 முதல் 630 நானோமீட்டர் வரை. 660 நானோமீட்டர் ஆழ்சிவப்பும் உண்டு. ஆனால் ஒரே ஆற்றலில் எரிந்தாலும் அது மனிதக் கண்ணுக்கு 630-இன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெளிச்சமாகவே தோன்றும். இருள் கெடாமல் இருக்கும். மணலில் தடம் தேடக் கண் திணறும். நடைக்கும் குறிப்பெழுதவும் சாதாரண எல்.இ.டி. சிவப்பே போதும் என்று அவள் முடிவு செய்தாள்.

மூன்றாவது, எவ்வளவு தாழ்த்த முடியும் என்பது. விற்பனைப் பக்கங்கள் எல்லாம் உச்ச அளவையே உரக்கச் சொல்கின்றன. இரவுக் களப்பணிக்குத் தேவை மிகக் குறைந்த அளவு. கையில் உள்ள குறிப்பேட்டைப் படிக்க ஒன்றிரண்டு லூமன் போதும். ஒளி குவிந்து ஒரு புள்ளியில் பாயாமல் பரந்து விழுவதும் நல்லது.

சிறு விவரங்களும் இருந்தன. சில விளக்குகளில் மின்னேற்ற நிலையைக் காட்டும் பச்சையோ நீலமோ ஆன பொட்டு விளக்கு ஓயாமல் எரியும். அதன்மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். கடற்கரைக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்ற தெறிநீர்த் தாங்குதிறன் போதாது. ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் ஐ.பி.எக்ஸ். 7 இருந்தால் அலையில் விழுந்தாலும் பயமில்லை. ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் செல்லில் எரிவது, தனி மின்கலம் கேட்பதைவிட நம்பத்தக்கது. நெற்றி விளக்கு பார்வை திரும்பும் பக்கமெல்லாம் திரும்பி அடுத்தவர் முகத்தில் அடிக்கும். கழுத்தில் தொங்கும் கைவிளக்கு தரையையே பார்த்திருக்கும்.

இத்தனையும் பார்த்து வாங்கிய விளக்கோடு கரைக்குச் சென்ற முதல் இரவில் அவள் இரண்டு தவறுகள் செய்தாள்.

முதல் தவறு, சிவப்புதானே என்ற துணிவில் விளக்கை அணைக்காமலே நடந்தது. பெரியவர் சிறிது தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “வெளிச்சத்தின் வட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் உனக்குத் தெரிகிறது. அதற்கு வெளியே பத்து ஆமை வந்தாலும் தெரியாது” என்றார். அணைத்ததும் கடல் மறுபடி விரிந்தது. ஈரமணலின் குறுக்கே ஏறிச் செல்லும் தடங்கள், துடுப்புக்கால்கள் மாறிமாறி இழுத்த இருண்ட பட்டைகளாகத் தெரிந்தன. அவற்றைக் காண விண்மீன் வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது தவறு உயிரைத் தொட்டது. கரையிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழி சவுக்குத் தோப்பின் ஊடாகச் செல்கிறது. அங்கும் அவள் சிவப்பு விளக்கையே பிடித்து நடந்தாள். பெரியவர் அவள் தோளைப் பற்றி நிறுத்தித் தம்முடைய டார்ச்சின் தாளைக் கழற்றி வெள்ளொளியைத் தரையில் காட்டினார். நான்கடி தூரத்தில், உதிர்ந்த சவுக்கு ஊசிகளின் மேல், ஒரு கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்தது. செவ்வொளியில் நிறங்கள் இல்லை; எல்லாம் ஒரே நிறத்தின் அடர்த்தி வேறுபாடுகளே. பழுப்பு ஊசிகளின் மேல் கிடக்கும் பழுப்புப் பாம்பின் உடல்கோலம் அதில் கரைந்துவிடுகிறது.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். இரவில் வெளிச்சமின்றி நடப்பதை அழகென்று பேசுவோர் இந்த எண்ணையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அன்றுமுதல் அவளிடம் இரண்டு விளக்குகள் இருந்தன. ஊரிலிருந்து மணல்மேடு வரை வெள்ளை, அதுவும் தரையை நோக்கி மட்டும். மேட்டைத் தாண்டியபின் சிவப்பு, அதுவும் தேவைப்படும் கணத்திற்கு மட்டும்.

சிவப்பு மறைப்பது பாம்பை மட்டுமன்று. அவளுடைய தரவுத் தாளில் வழிகாட்டி சிவப்பு மையால் எழுதியிருந்த திருத்தங்கள் அனைத்தும் கரையில் மாயமாகிவிட்டன. வெண்தாளும் செம்மையும் செவ்வொளியில் ஒன்றே. பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் கறுப்பு மையையே பயன்படுத்தினாள். விரல் கிழிந்து குருதி வடிந்தாலும் அவ்வொளியில் நீர் போலவே தோன்றும் என்பதால், முதலுதவிப் பையோடு எப்போதும் வெள்ளை விளக்கையே வைத்தாள்.

மார்ச் தொடக்கத்தில் தென்காற்று வலுத்தது. மூன்றாம் நாள் இரவு ஆமைகள் வந்தன. முதலில் ஐந்து, பிறகு இருபது. நள்ளிரவில் கால் வைக்க இடமில்லை. ஓட்டோடு ஓடு உரசும் ஒலியும், மணல் வாரி இறைபடும் ஒலியும், முட்டைக்குழியை மூடியபின் உடலை இடவலமாக அசைத்து மணலை இறுக்கும் அடியோசையும் கரை முழுவதும் கேட்டன. முட்டையிடத் தொடங்கிவிட்ட ஆமை எளிதில் கலைவதில்லை. அதன் பின்புறமாக அமர்ந்து, விளக்கை விரல்களால் மூடி, இடுக்கு வழியே கசியும் செவ்வொளியில் அவள் முட்டைகளை எண்ணினாள். ஒரு குழியில் நூற்றுக்கும் மேல். முதல் இரவில் திரும்பிப் போன ஆமை இக்கூட்டத்தில் இருந்ததா என்று அறிய வழியில்லை. அவள் ஒவ்வொன்றையும் அதுவோ என்றே பார்த்தாள்.

ஐம்பது நாள் அளவில் குஞ்சுகள் வெளிவரத் தொடங்கின. பழைய கணக்குகள் அப்போது மறுபடியும் மாறின.

மணலிலிருந்து இரவில் வெளிப்படும் குஞ்சு, தாழ்வானத்தில் வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி ஓடும். விளக்குகள் இல்லாத காலத்தில் அது கடலின் திசையாகவே இருந்தது. இன்று நெடுஞ்சாலையும் தொழிற்கூடங்களும் ஊர்களும் நிலத்தின் பக்கம் ஒளிர்கின்றன. ஊரார் கரையோடு வலை கட்டித் தடுக்கிறார்கள். வலையைத் தாண்டியவை சவுக்குத் தோப்புக்குள் புகுந்து, விடிந்தால் வெயிலிலும் காக்கையின் அலகிலும் மடிகின்றன.

தோப்பில் அவள் சிவப்பு விளக்கோடு தேடினாள். கரும்சாம்பல் நிறக் குஞ்சுகள் சருகுகளுக்கிடையில் தெரியவே இல்லை. அருகில் வாளியோடு நின்ற பெரியவர், “வெள்ளையைப் போடு தல்லி” என்றார்.

“ஒளியைப் பார்த்து வழி தப்புமே, தாத்தா?”

“தப்பித்தானே இங்கே வந்திருக்கின்றன. இனி அவை வழி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாம் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். வாளியில் போட்டபின் அணைத்துவிடு.”

அவள் வெள்ளொளியைத் தரையோடு தரையாகப் பிடித்தாள். சருகின்கீழிருந்து ஒன்று, வேரருகில் இரண்டு, எறும்பு மொய்த்து அசைவற்ற ஒன்று. விடியுமுன் இரண்டு வாளிகள் நிறைந்தன. விளக்குகளை அணைத்துவிட்டு, அலையின் விளிம்பில் வாளிகளைச் சாய்த்தார்கள். பின்னால் ஊரின் வெளிச்சம் அப்படியே இருந்தது. பருவம் முடியும்வரை கரையோர விளக்குகளைத் தணிக்கச் சொல்லிப் பல இடங்களில் போய் நின்றதாகவும், சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை என்றும் பெரியவர் சொன்னார். அடுத்த ஆண்டும் போவோம் என்றார்.

பருவம் முடிந்து ஊர் திரும்புமுன், அடுத்து வருவோருக்கான பொருள் பட்டியலைத் திருத்தும் வேலை அவளிடம் வந்தது. ‘சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச்’ என்ற ஒற்றை வரி அரைப் பக்கமாக வளர்ந்தது. அழுத்தியதும் சிவப்பு வர வேண்டும். மிகத் தாழ்ந்த அளவு இருக்க வேண்டும். பொட்டு விளக்கை மறைக்க ஒட்டுநாடா. தோப்பு வழிக்கும் குஞ்சுக் காலத்திற்கும் தனியாக ஒரு வெள்ளை விளக்கு. கறுப்பு மைப் பேனா. வாங்கியவுடன் இருட்டறையில் பழைய குறுந்தகட்டைக் கொண்டு சோதித்துப் பார்க்கவும் என்று அடைப்புக்குறிக்குள் எழுதினாள்.

கடைசி வரியைப் பெரியவரிடம் கேட்டு எழுதினாள்: கரையை அடைந்த முதல் அரை மணி நேரம் எந்த விளக்கையும் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.